போன் வந்த உடனே வாங்கலாமா, ஆறு மாசம் பொறுக்கலாமா?

வேலூர்ல காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் காலேஜ் பசங்க நெறைய பேரு இதையேதான் கேக்குறாங்க, புது மாடல் வந்துடுச்சு, இஎம்ஐ போட்டு இப்பவே எடுத்துடலாமான்னு.

விலை
உடனே: கம்பெனி சொல்றதுதான் ரேட்டு. அவசரப்படுறவங்ககிட்ட மொதல்ல கறந்துட்டு அப்புறம்தான் எறக்குவாங்க. மொத ஐபோன் அமெரிக்காவுல 2007 ஜூன்ல 599 டாலர், செப்டம்பர்லயே 399, வாங்குனவங்க சண்டை போட்டதும் 100 டாலர் கிரெடிட் குடுத்தாங்க. நின்டெண்டோ 3டிஎஸ்ஸும் (கையில வெச்சு ஆடுற கேம் மிஷின்) அப்டித்தான், 2011 மார்ச்ல 250 டாலர், ஆகஸ்ட்ல 170.
பொறுத்தா: தீபாவளி ஆஃபர், பேங்க் கார்டு தள்ளுபடின்னு தானா எறங்கும்.

கோளாறு
உடனே: சூடாகுது, சார்ஜ் நிக்கலன்னு நம்ம காசுலயே அவங்களுக்கு டெஸ்ட் பண்ணி குடுக்கணும், இது அநியாயம்.
பொறுத்தா: ரெண்டு அப்டேட்ல பாதி சரியாகிருக்கும், கவர், டெம்பர்டு கிளாஸும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கமே கெடைக்கும்.

அப்டேட்
உடனே: கம்பெனி இத்தன வருஷம் அப்டேட் தரேன்னு சொன்னது முழுசா நமக்கு.
பொறுத்தா: ஆறு மாசம் போச்சு, பெரும்பாலும் ரிலீஸ் தேதியிலருந்துதான் கணக்கு.

கேமராவ வெச்சு பொழப்பு நடத்துறவங்க உடனே எடுங்க. கையில இருக்குற போன் ஓடுதுன்னா பொறுங்க. ஒடஞ்சே போச்சா, போன வருஷ டாப் மாடல வாங்குங்க, அதான் காசுக்கு ஏத்தது.