தலைமைத்துவப் பாடத்துக்குப் பரீட்சை மண்டபமா, படுவான்கரையா?

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போன் எடுத்தார். தலைமைத்துவப் பாடம் இந்த முறை அவர் தலையில் விழுந்திருக்கிறது. "பரீட்சையோடு நடத்துவதா, பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்புவதா? நீங்கள் இரண்டையும் செய்திருக்கிறீர்களே" என்று கேட்டார். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. மட்டக்களப்பில் முகாமைத்துவ மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நான்கு வருடம் விரிவுரையும் பரீட்சையுமாக நடத்தினேன், கடைசி மூன்று வருடம் களப்பணியாக. என் சாய்வு களப்பணிப் பக்கம்தான். ஆனால் அதற்கு நான் சொல்லும் காரணம், எல்லோரும் சொல்லும் "செய்து பழகினால்தான் வரும்" என்பது அல்ல.

முதலில் பரீட்சை. இதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணித்தியாலம், விடைத்தாளில் சுட்டெண் மட்டும். இரண்டாம் பரீட்சகர் அதே தாளை எடுத்துத் திருத்தலாம். கோட்பாடுகள் மாணவருக்குப் புரிந்ததா என்று பார்க்க இதைவிட நேரான வழி இல்லை. 1939இல் லெவினும் கூட்டாளிகளும் பத்து வயதுப் பையன்களின் குழுக்களை வைத்துப் பார்த்த மூன்று வகைத் தலைமை (அதிகாரம், ஜனநாயகம், தலையிடாமை), பண்புகள் மட்டும் ஒருவரை எல்லாச் சூழலிலும் தலைவராக்காது என்று 1948இல் ஸ்டொக்டில் வந்த முடிவு, தலைவரின் பாணி சூழலுக்குப் பொருந்த வேண்டும் என்று 1967இல் ஃபீட்லர் சொன்னது, 1978இல் பர்ன்ஸ் பிரித்துக் காட்டிய, கொடுத்து வாங்கும் பரிமாற்றத் தலைமையும் ஆட்களையே மாற்றி உயர்த்தும் உருமாற்றத் தலைமையும். இவையெல்லாம் தெரியாமல் ஒரு பிள்ளை பட்டம் எடுத்துப் போகக்கூடாது. அதனால் பரீட்சையை நான் முழுதாக எறியவில்லை, பாதிப் புள்ளியை இன்னும் அதற்கே வைத்திருக்கிறேன்.

சங்கடம் என்னவென்றால், இங்கே முகாமைத்துவம் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறோம். உருமாற்றத் தலைமை பற்றி நான்கு பக்கம் எழுதிய பிள்ளைக்கு நான் போட்ட புள்ளியில் எவ்வளவு தலைமைக்கு, எவ்வளவு ஆங்கிலத்துக்கு, எவ்வளவு மனப்பாடத்துக்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. சம்பவ ஆய்வுக் கேள்வி கொஞ்சம் மேல். அம்பாறையில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981இல் தொடங்கிய வேலையை நான் கொடுப்பதுண்டு: இளம் பட்டதாரிகள் கிராமங்களில் போய்த் தங்கினார்கள்; வாய்க்காலுக்கு ஒரு சின்னக் குழுவாக விவசாயிகள் கூடினார்கள்; தங்கள் பிரதிநிதியை வாக்கெடுப்பால் அல்ல, பேசி ஒத்துக்கொண்டு தெரிவு செய்தார்கள்; தலைவாய்க்கால்காரர் கடைவாய்க்கால்காரருக்குத் தண்ணீர் விட்டார்கள். அம்பாறைப் பிள்ளைகள் இந்தக் கேள்விக்கு நன்றாகவே எழுதுவார்கள். அப்போதும் அவர்கள் எழுதுவது வேறொருவர் நடத்திய தலைமையைப் பற்றித்தான்.

இடையில் இரண்டு வழிகள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, "நான் பிறர் சொல்வதைக் கவனமாகக் கேட்பேன்" என்பது போன்ற கூற்றுகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை தானே போட்டுக்கொள்ளும் வினாக்கொத்து. வகுப்பில் பேச்சைத் தொடக்க நல்லது. புள்ளி போட வேண்டாம், எல்லோரும் நான்கும் ஐந்தும்தான் போடுவார்கள். மற்றது வெளிக்களப் பயிற்சி முகாம். 2011இல் பல்கலைக்கழகம் நுழைந்தவர்களை மூன்று கிழமை இராணுவ முகாம்களுக்குக் கூப்பிட்டதிலிருந்து, தலைமைத்துவப் பயிற்சி என்றதும் பலருக்கு அதுதான் ஞாபகம். நான் நடத்தியது பாசிக்குடாவில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பட்ச். பிள்ளைகளுக்குள் பழக்கம் கூடியது என்பது உண்மை. அதற்கு மேல் சொல்ல என் அனுபவம் போதாது.

இனிக் களப்பணி. ஆறு பேர் கொண்ட குழு, ஆறு கிழமை, உண்மையான ஒரு சிறு தொழில். மருதமுனை நெசவாளர், ஏறாவூர் அரிசி ஆலை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தயிர் விற்பவர்கள் என்று ஏதோ ஒன்று. கிழமைக்கு ஒருவர் தலைவர், எல்லோருக்கும் ஒரு முறை வரும். தலைமை செய்த கிழமை பற்றித் தலைவர் இரண்டு பக்கம் நாட்குறிப்பு எழுத வேண்டும். நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் 50 மணித்தியாலம் செலவழிக்க வேண்டும். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150. அதில் விரிவுரை போக மிஞ்சும் நேரத்தை முன்பு நாம் ரியூட் (பாடக்குறிப்பு) படிப்பதற்கு விட்டுவைத்திருந்தோம், அவ்வளவுதான்.

இந்த முறை நிற்பதும் விழுவதும் ஒரே இடத்தில்: புள்ளிக்குச் சாட்சி எங்கே? நான் களத்தில் எல்லாக் குழுவோடும் நிற்க முடியாது. ஒரு மாணவி நன்றாக நடத்தினாள் என்று நான் எழுதினால், இரண்டாம் பரீட்சகர் எதைப் பார்த்து ஒத்துக்கொள்வார்? புள்ளி குறைந்த பிள்ளை வந்து கேட்டால் எதைக் காட்டுவேன்? இதற்கு விடை கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடமும் தேவைப்பட்டது.

முதல் வருடம் சகமாணவர்களைப் பத்துக்குப் புள்ளி போடச் சொன்னேன். எல்லோருக்கும் பத்து. ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னெண்டு சேர் அவனுக்குக் குறைச்சுப் போடுற? நாளைக்கும் ஒரே பஸ்ஸிலதானே வாற" என்றான். அவன் சொன்னது நியாயம். ஒரே ஊர், ஒரே பஸ், நாளைக்கு ஒருவர் வீட்டு விசேஷத்தில் மற்றவர் பரிமாற வேண்டும். அந்த உறவை உடைத்துப் புள்ளி கேட்பது என் பிழை. இரண்டாம் வருடம் கெட்டித்தனமாகச் செய்வதாக நினைத்து, நூறு புள்ளியை மற்ற ஐந்து பேருக்கும் பங்கிடச் சொன்னேன். இருபது, இருபது, இருபது, இருபது, இருபது. நாற்பத்தெட்டுப் பேரில் நாற்பத்திரண்டு பேரின் தாள் அப்படியே வந்தது.

மூன்றாம் வருடம் புள்ளி கேட்பதையே விட்டேன். சம்பவம் கேட்டேன். ஒவ்வொரு வெள்ளி மாலைக்குள்ளும், அந்தக் கிழமைத் தலைவர் செய்த ஒரே ஒரு விஷயம், ஐந்தாறு வரியில்: எங்கே, எப்போது, என்ன சொன்னார் அல்லது செய்தார், அதன் பிறகு என்ன மாறியது. "திறமையானவர்", "நல்லாக் கதைப்பார்" என்று எழுதினால் திருப்பி அனுப்புவேன். தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம், எழுத்துப் பிழை பார்ப்பதில்லை. நண்பனுக்குப் புள்ளி குறைக்கத் தயங்கும் பிள்ளை, நடந்ததைச் சொல்லத் தயங்குவதில்லை. சாட்சி சொல்வது அவர்கள் வேலை, புள்ளி போடுவது என் வேலை என்று பிரிந்ததும் பாரம் அவர்கள் தலையிலிருந்து இறங்கிவிட்டது.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஒரு குழு மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து தயிர் விற்கும் இடம். மூன்றாம் கிழமைத் தலைவி வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, இடைப் பரீட்சையில் 'சி'. அன்று போய் இறங்கினால் ஊரில் ஒரு சாவீடு, பெண்கள் ஒருவரும் இல்லை. அந்தக் கிழமைக் குறிப்புகளில் மூன்றை இப்போதும் வைத்திருக்கிறேன். ஒருவன் முறைப்பாடாகவே எழுதியிருந்தான்: திரும்பிப் போவோம் என்றேன், அவள் விடவில்லை, எங்களில் இரண்டு பேரைச் சாவீட்டுக்குக் கதிரை இறக்க அனுப்பினாள். இன்னொருத்தி எழுதியது: இன்றைக்கு யாரிடமும் கேள்வித்தாள் நீட்ட வேண்டாம் என்று சொன்னாள், பிறகு ஒவ்வொருவரிடமும் உன்னால் இப்போது என்ன செய்ய முடியும் என்று கேட்டாள். மூன்றாவது: என்னை வெறும் சட்டி எண்ணச் சொன்னாள், அறுபதில் ஏழு உடைசல், நட்டம் யாருக்கு என்று லொறிக்காரரிடம் கேட்டு எழுதினேன். அந்தக் குழுவின் கடைசி அறிக்கையே இந்த உடைசல் கணக்கைச் சுற்றித்தான் அமைந்தது. மூன்று பேரும் ஒருவரோடொருவர் பேசி எழுதவில்லை என்பது வாசித்தாலே தெரியும். முறைப்பாடும் சாட்சிதான். இரண்டாம் பரீட்சகர் அந்தக் கோப்பைத் தனியே வாசித்துப் போட்ட புள்ளிக்கும் என்னுடையதுக்கும் வித்தியாசம் இரண்டு.

அடுத்த கிழமைத் தலைவன் கோட்பாட்டில் அந்தக் குழுவிலேயே முதல். சந்திப்பு நேரம் மாறியதை இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டான். இரண்டு பேர் பார்க்கவில்லை, விடியவே போய்க் காத்து நின்றார்கள். நான்கு குறிப்புகளில் அது இருந்தது. அவனுடைய நாட்குறிப்பிலும் இருந்தது, ஒளிக்காமல், அடுத்த முறை தனித்தனியாகப் போன் எடுப்பேன் என்ற வரியோடு. அதற்கும் புள்ளி உண்டு. பரீட்சையில் இவன் 'ஏ', அவள் 'சி' என்பதோடு என் அறிவு நின்றிருக்கும்.

வேலைப்பளு பற்றி நண்பர் பயந்தார். கணக்குப் பார்ப்போம். ஒரு தலைவருக்கு ஐந்து குறிப்பும் ஒரு நாட்குறிப்பும். நாற்பத்தெட்டுப் பேருக்கு 240 குறிப்பு, 48 நாட்குறிப்பு. குறிப்புக்கு இரண்டு நிமிடம், நாட்குறிப்புக்குப் பத்து நிமிடம் என்றால் பதினாறு மணித்தியாலம். விடைத்தாள் ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று நாற்பத்தெட்டுத் தாள் திருத்தினாலும் அதே பதினாறு மணித்தியாலம். வித்தியாசம், இது ஆறு கிழமைக்குப் பரவி வரும். வெள்ளி இரவு குறிப்பு வாசிக்காமல் விட்டால் அடுத்த கிழமை தரம் இறங்கும், பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். அந்த ஒழுங்கு இல்லாதவர்கள் பரீட்சையோடு நிற்பதே நல்லது, இதை மனதாரச் சொல்கிறேன்.

நூற்றைம்பது பேர் பட்ச்சில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. உதவி விரிவுரையாளர் இல்லாமல் முடியாது என்றே நினைக்கிறேன். சிங்களத்தில் வந்த குறிப்புகளை எனக்கு இன்னொருவர் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது, அதில் ஏதும் தவறிப்போயிருக்கலாம். பெண்பிள்ளைகள் இருட்டுமுன் திரும்பும் பஸ்ஸைப் பார்த்துத்தான் இடம் தெரிவு செய்ய வேண்டும், தூரத்து இடங்களை இதனாலேயே இரண்டு முறை கைவிட்டேன். புள்ளிப் பங்கீட்டை மாற்றுவதென்றால் பீடச் சபையும் பல்கலைக்கழக மூதவையும் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே முன்மொழிவைக் கொடுங்கள்.

நண்பருக்கு நான் சொன்னது இது: இந்த அரையாண்டு பரீட்சையைத் தொடாதீர்கள். ஒரே ஒரு குழு வேலையைக் கொடுத்து, புள்ளி இல்லாமல், வெள்ளிக்கிழமைக் குறிப்பை மட்டும் வாங்கிப் பாருங்கள். முதல் கிழமை பாதிக் குறிப்பில் "நல்லாச் செய்தார்" என்றுதான் வரும். திருப்பிக் கொடுங்கள். என் பிள்ளைகளுக்கு அது பிடிபட மூன்றாம் கிழமை ஆனது.