கிருஷ்ணகிரி பக்கம் ராத்திரியில் கறி சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

பெங்களூரிலிருந்து தர்மபுரிக்கு ராத்திரியில் வருபவர்கள் தயவுசெய்து படியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி தாண்டி ரோட்டோர ஹோட்டல் ஒன்றில் மட்டன் சுக்கா வாங்கினோம். மேலே எண்ணெய் கொதிக்கிறது, துண்டைப் பிய்த்தால் உள்ளே சில்லென்று இருக்கிறது. விரலில் கொழகொழவென்று நூல் போல இழுத்தது. மிளகு வாசத்துக்கு அடியில் புளித்த வாடை.

"இன்னைக்குக் காலைல வெட்டின ஆடு சார்" என்றார் சப்ளையர். முதலாளியோ, "எங்க மசாலாவே அப்படித்தாங்க" என்று சொல்லி முழு பில்லையும் வாங்கிக்கொண்டார். கை கழுவப் போனபோது சமையல்கட்டு தெரிந்தது. தரையில் பெரிய அலுமினியக் குண்டான், கரண்டி உள்ளேயே கிடக்கிறது. அதிலிருந்து அள்ளித் தோசைக்கல்லில் புரட்டித் தருகிறார்கள். அங்கிருந்த பையனைக் கேட்டேன். "நேத்து வெந்ததுண்ணா, சூடு பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது."

ஆகும். என் மச்சான் அதற்குள் பாதித் தட்டை முடித்திருந்தார். வீடு வந்து படுத்ததும் வாந்தி ஆரம்பித்தது. விடியற்காலையில் தர்மபுரி அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

வெந்த கறியை வெளியே வைத்தால் 5 முதல் 60 டிகிரி வரையுள்ள சூட்டில் கிருமி வேகமாகப் பெருகும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி அதில் விஷத்தையும் விட்டுவைக்கும். மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அந்த விஷம் போகாது. பெரிய குண்டானில் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும் என்பதால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம்.

வீட்டிலும் கறி மிஞ்சினால் 2 மணி நேரத்துக்குள், நம்ம ஊர் வெயில் காலத்தில் 1 மணி நேரத்துக்குள், சின்னச் சின்னத் தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 3, 4 நாளுக்கு மேல் வேண்டாம். எடுக்கும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்து, உள்வரை ஆவி பறக்கச் சூடு பண்ணுங்கள். கொழகொழப்பு, புளித்த வாடை, நுரை இருந்தால் ருசி பார்க்கவே கூடாது. அப்புறம், வாடை வரவில்லை என்பதற்காக நல்ல கறி என்றும் நம்பிவிடாதீர்கள். விஷம் இருந்தும் வாடை வராமல் இருக்கலாம்.

ஹோட்டலில் இப்படி நடந்தால் பில்லையும் போட்டோவையும் பத்திரமாக வைத்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்புங்கள். உரிமச் சான்றிதழ் மாட்டியிருந்தால் அதிலுள்ள 14 இலக்க எண்ணையும் சேருங்கள். நானும் அனுப்பிவிட்டேன்.