காரைக்குடிச் சரக்கு முகவர் நிலையம்: காப்பீட்டு மேசைக்காகவே போகலாம்

ஆத்தங்குடிப் பூவேலைத் தரைக்கற்களைத் தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்புவோர் நாடும் காரைக்குடி முகவர் நிலையங்களுள் ஒன்றைப் பற்றியது இம்மதிப்புரை. பெட்டி கட்டுவதில் குறையில்லை. பூப்பக்கங்களை எதிரெதிராகச் சேர்த்து, இடையே தாள் வைத்து, கற்களை நிறுத்தி அடுக்கிப் பலகை அடிக்கிறார்கள். சுங்க ஆவணங்களும் தாமதமின்றி வருகின்றன.

நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் காப்பீட்டு மேசைதான். கடற்கொள்ளையால் நேரும் இழப்பு சரக்குக் காப்பீட்டின் விரிவான 'ஏ' வகைப் பாலிசியில் அடங்கும், மலிவான 'பி', 'சி' வகைகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை அங்குள்ள பெரியவர் பிரீமியத் தொகையைக் கூறுமுன்பே விளக்கிவிடுகிறார். கடத்தப்பட்ட கப்பலை விடுவிக்கக் கொடுக்கும் மீட்புத்தொகையை 'ஜெனரல் ஆவரேஜ்' முறையில் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்களும் அவரவர் பொருளின் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதும், காப்பீடு இல்லாதவர் முன்பணம் கட்டாமல் தம் சரக்கை எடுக்க முடியாது என்பதும் அவர் சொல்லியே எனக்குத் தெரிந்தன. ஒரு கல்கூட உடையாமல் வந்து சேர்ந்தாலும் பணம் கட்ட வேண்டும் என்றால், கப்பலேறிக் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்ய, போனவர்களின் ஊரிலும் அது எளிதில் செரிக்காது!

குறை, கட்டணச் சீட்டில் இருக்கிறது. 'கடற்கொள்ளை அபாயம்' என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறார்கள். கேட்டால், 2023 டிசம்பரில் கடத்தப்பட்ட எம்.வி. ரூவன் கப்பலைக் கணக்கர் எடுத்துக்காட்டுகிறார். அக்கப்பலை 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கொல்கத்தா மடக்கி, 17 மாலுமிகளை மீட்டது. சரணடைந்த 35 சோமாலியக் கொள்ளையர் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, 2022ஆம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் வழக்கைச் சந்தித்தனர். 2008இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 1816ஆம் தீர்மானத்தால் சோமாலியக் கடல் எல்லைக்குள்ளேயே பிற நாடுகள் நுழைய இசைவளித்ததும், பல நாட்டுக் கடற்படைகள் காவலுக்கு வந்ததும், கப்பல்களில் ஆயுதக் காவலர் ஏறியதும் அடக்கியிருந்த தொல்லை மீண்டும் தலைதூக்கியது உண்மையே. ஆனால், கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றது பெரும்பாலும் யேமனின் ஹூதிக் கிளர்ச்சியாளர்களின் ஏவுகணைகளுக்கு அஞ்சியே. அது போர் அபாயம். 'ஏ' பாலிசி போரை விலக்குவதால், அதற்குக் காப்பீடு தனியாகவே எடுக்க வேண்டும். செங்கடலையே தொடாத கப்பலுக்குச் செங்கடல் போர்க்காப்பீட்டுக் கட்டணம் வாங்குவது முறையன்று.

ஆகவே, கப்பல் செல்லும் வழியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, போர்க்காப்பீட்டையும் சுற்றுவழிக்கான கூடுதல் சரக்குக் கட்டணத்தையும் தனித்தனியே பிரித்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். மாலையில் பெரியவர் இருப்பதில்லை என்பதால் முற்பகலில் செல்வது நல்லது.