ஒரே சிஸ்டர், வேறு வேறு கார்டு: சேலம் தனியார் மருத்துவமனைகளின் வார்டு கவனிப்பு

முதலமைச்சர் காப்பீட்டில் பொது வார்டில் படுத்தவரைக் கேட்டால், "சிஸ்டர் எட்டிக்கூடப் பாக்கல" என்பார். அதே மாடியில் கேஷ்லெஸ் பாலிசியில் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் தனியார் காப்பீடு) தனி அறை எடுத்தவர் "தங்கமான பொண்ணுங்க" என்பார். இருவருக்கும் ஊசி போட்டவர் ஒரே சிஸ்டராகவும் இருக்கலாம்.

பாதி விஷயம் பெட் கணக்கில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன், மருந்து, பெட், நர்சிங் எல்லாம் ஒரே பேக்கேஜ் தொகைக்குள் அடக்கம். தனி அறை பில்லிலோ நர்சிங் சார்ஜ் நாள் கணக்கில் ஏறும். ஆள் போடுவதும் அதற்கேற்பவே நடக்கிறது. பொது வார்டில் ஒரு சிஸ்டருக்கு ஆறு பெட் சரியான அளவு. ராத்திரி டியூட்டியில் அது இரட்டிப்பானால் ட்ரிப்ஸ் தீர்ந்து பெல் அடித்தாலும் உடனே வர முடியாது. ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வரும் நோயாளிகள் பலருக்கு ராத்திரி துணைக்கு ஆள் இருக்காது. கூட வந்தவர் கூலியை விட முடியாமல் மலை ஏறிவிடுவார். பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டுக் கிடக்கும் அந்தப் பாட்டியிடம் தானாகப் போய்க் கேட்கும் சிஸ்டருக்குத்தான் முழு மதிப்பெண்.

மீதி, காகித வேலை. காப்பீட்டு ஒப்புதல் வராமல் ஆபரேஷன் தள்ளிப்போனால், வெறும் வயிற்றோடு காத்திருப்பவரின் கோபம் எதிரில் நிற்கும் சிஸ்டர் மேல் விழுகிறது. அவருக்கு அதில் எந்த அதிகாரமும் கிடையாது. "அப்ரூவல் இன்னும் வரலைங்கம்மா, கவுன்டர்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்ற ஒரு வார்த்தை போதும், பாதி மனக்குறை தீரும். கேஷ்லெஸ்காரருக்கும் இதே பாடு டிஸ்சார்ஜ் அன்று வரும். இறுதி ஒப்புதலைக் காப்பீட்டு நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2024 விதி. கையுறை, டயாப்பர் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பாலிசி பணம் தராது என்பதை முன்பே சொல்லிவைக்கும் வார்டில் சண்டை குறைவு.

சிரிப்பை மட்டும் வைத்து மார்க் போடாதீர்கள். வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் ஊசிக்குழாய்) மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் தேதி இருக்கிறதா பாருங்கள். மருந்து ஏற்றும்முன் கைப்பட்டையில் பெயரைச் சரிபார்க்கிறாரா, "எரியுதா?" என்று கேட்டு நிதானமாக ஏற்றுகிறாரா கவனியுங்கள். சிவந்து வீங்கியும் அதே ஊசியில் மருந்து போனால் ரத்தக்குழாய் புண்ணாகி, கையை அசைக்கவே வலிக்கும். எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். எந்தக் கார்டு வைத்திருந்தாலும் இவை கட்டாயம் நடக்க வேண்டியவை.

நம் தீர்ப்பு: பகல் கவனிப்பு நன்று, பொது வார்டின் ராத்திரி கவனிப்பு சுமார். அட்மிஷனுக்கு முன்பே "நைட் டியூட்டியில எத்தனை சிஸ்டர், எத்தனை பெட்?" என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுப் பேக்கேஜுக்கு மேல் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். டிஸ்சார்ஜ் அன்று தரும் கருத்துப் படிவத்தை, குறை எழுதினால் கார்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பலர் வெறுமனே கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். அப்படி எதுவும் ஆகாது. ராத்திரி பெல் அடித்து எவ்வளவு நேரம் கழித்து வந்தார்கள் என்பதை அதில் எழுதுங்கள். கூடுதல் ஆள் கேட்க நர்சிங் சூப்பிரண்டுக்கு அதுதான் கையில் உள்ள ஆதாரம்.