வெள்ளை டப்பாவில் வரும் 'மூலிகைக் களிம்பு': கரப்பான் உள்ள குழந்தைகளின் பெற்றோர் கவனத்திற்கு

பெயரும் இல்லாமல் லேபிளும் இல்லாமல் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, "பரம்பரை மூலிகைக் களிம்பு" என்று கரப்பான் என்னும் தோல் அரிப்பு நோய்க்கு (எக்சிமா) தருகிறார்களே, அதை வாங்காதீர்கள். குழந்தைக்கு என்றால் அந்தக் கடையின் படியையே மிதிக்காதீர்கள். எங்கள் மகளுக்கு வாங்கிய களிம்பில் மூலிகை இருந்ததோ இல்லையோ, குளோபீட்டசால் இருந்தது. அரிப்பையும் சிவப்பையும் அடக்கப் பூசும் ஸ்டீராய்டு மருந்துகளிலேயே மிகக் கடுமையான வகை அது. பெரியவர்களே அதைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. என் மகள் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள்.

கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்குக் கன்னம் சிவந்து சொரசொரப்பாகும். வளர வளர அது முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இறங்கியது. மார்கழியில் தோல் வறண்டு வெடிக்கும், சித்திரையில் வியர்வை பட்டு எரியும். இரவெல்லாம் சொறிவாள், காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். இது எக்சிமா, ஒரே மருந்தில் அடியோடு போகாது, பெரும்பாலான குழந்தைகளுக்கு வயது ஏற ஏறக் குறையும், அதுவரை தோலை வறளவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தோல் மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னார். ஆனால் இரவு தூக்கம் இல்லாத வீட்டில் "குறையும்" என்ற சொல் காதில் ஏறுவதில்லை, "வேரோடு போகும்" என்ற சொல்தான் ஏறுகிறது. இந்த வியாபாரமே அந்தச் சொல்லை வைத்துத்தான் நடக்கிறது.

அத்தையின் உறவினர் ஒருவர் சொல்லி, ஈரோட்டுப் பக்கம் ஒரு 'வைத்தியரிடம்' போனோம். சுவரில் சாமி படங்கள் இருந்தன. பதிவுச் சான்றிதழ் எதுவும் இல்லை. "இங்கிலீஷ் மருந்து நோயை உள்ளே அமுக்கிவிடும் அம்மணி, இது வெளியே தள்ளி வேரோடு எடுக்கும்" என்றார். ஸ்டீராய்டு கலந்ததா என்று என் கணவர் நேராகவே கேட்டார். "எங்கள் தாத்தா காலத்தில் ஸ்டீராய்டு ஏதுங்க?" என்று பதில் வந்தது. ரசீது கேட்டதற்கு, மருந்துக்கு ரசீது எழுதினால் பலிக்காது என்றார்.

பிறகு பத்தியம் சொன்னார். கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை, நிலக்கடலை, தக்காளி, பாகற்காய், பள்ளியில் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் சாக்லேட் என்று நீண்ட பட்டியல். இந்தப் பட்டியல் எதற்கு என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. ஆறு வயதுக் குழந்தை இத்தனையையும் விட்டு நாள் கணக்கில் இருக்கவே முடியாது. நோய் திரும்பி வரும்போது "எங்கோ பத்தியம் தவறியிருக்கிறது" என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். பழி களிம்பின் மேல் விழாது, தாயின் மேல் விழும்.

பூசத் தொடங்கிய ஓரிரு நாளில் அரிப்பு நின்றது. தடித்துக் கிடந்த தோல் வழவழப்பானது. பூசிய இடம் வெளுத்ததைப் பார்த்து "பிள்ளை நிறமாகிவிட்டாள்" என்று உறவுக்காரர்கள் மகிழ்ந்தார்கள். கடுமையான ஸ்டீராய்டு தோலின் நிறத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நம் ஊரில் வெளுப்பைக் கண்டால் யாரும் மருந்தைச் சந்தேகிப்பதில்லை. அதுவும் இவர்களுக்கு வசதி.

டப்பா தீர்ந்து சில நாளில் எல்லாம் திரும்பி வந்தது. முன்பு இல்லாத இடங்களிலும், கழுத்திலும் கண்ணைச் சுற்றியும், தீப்பட்டதுபோல் சிவந்தது. போனில் கேட்டபோது, எதிர்பார்த்தபடியே, பத்தியம் தவறியது என்றார். அடுத்த டப்பாவின் விலையைக் கூட்டினார். அதைப் பூசினால் மறுபடி அடங்கும், நிறுத்தினால் மறுபடி எழும். இப்படியே மாதங்கள் போயின. முழங்கை மடிப்பில் தோல் மெல்லிய தாள்போலப் பளபளத்து, அடியில் ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கின. வாயைச் சுற்றிச் சிறு பருக்கள். முன்கையில் பூனைமயிர் அடர்ந்தது. கன்னம் உப்பியது. "சதை போட்டு அழகாக இருக்கிறாள்" என்றார் அத்தை, பாவம், அன்பாகத்தான் சொன்னார்.

எங்கள் தோல் மருத்துவர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன களிம்பு பூசினீர்கள்?" காலை வேளையில் ரத்தம் எடுத்து, கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு பார்த்தார்கள், குறைவாக இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு ஏறிக்கொண்டே இருந்தால், கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் பங்கைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. குழந்தையின் தோல் பரப்பு அதன் எடையோடு ஒப்பிட்டால் அதிகம், அதனால் உள்ளே இழுப்பதும் அதிகம். வளர்ச்சியே தடைப்படலாம் என்றார். மிச்சக் களிம்பைத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்ததில்தான் குளோபீட்டசால் என்று எழுத்தில் வந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இதைப் படித்துவிட்டு, பல வாரமாகப் பூசிவந்த களிம்பை இன்றே தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் சில குழந்தைகளுக்கு ஆபத்து. டப்பாவோடு உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டுபோனாலோ மயங்கினாலோ அவசரப் பிரிவுக்கே கொண்டுபோங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, காசு வேண்டாம்.

ஸ்டீராய்டே விஷம் என்றும் நான் சொல்லவில்லை. இப்போதும் என் மகளுக்கு மருத்துவர் மிதமான ஸ்டீராய்டு களிம்பு எழுதித்தான் கொடுக்கிறார். பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனிக்கணு அளவுக்குக் களிம்பைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும் என்று அளவோடு காட்டிக்கொடுத்தார். எங்கே, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று சீட்டில் இருக்கிறது. அந்த ஆள் செய்த அக்கிரமம் அதை ஒளித்துக் கொடுத்தது.

சித்த மருத்துவத்தின் மேலும் எனக்குக் கோபம் இல்லை. முறையான சித்த மருந்து என்றால் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானம், காலாவதித் தேதி எல்லாம் லேபிளில் இருக்கவேண்டும் என்பது சட்டம். பதிவுபெற்ற சித்த மருத்துவர் பதிவு எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார். மருந்துக் கடைகளிலும் கவனமாக இருங்கள். பூசும் ஸ்டீராய்டுகளில் பலவற்றை 2018இல் அரசு அட்டவணை 'எச்'சில், அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில், சேர்த்த பிறகும், படைக்கு என்று கேட்டால் சீட்டு இல்லாமலே எடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன.

இப்போது வீட்டில் நடப்பது எந்த அதிசயமும் இல்லாத வேலை. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுகிறேன். சோப்புக் கட்டிகள் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை என்பதால், மருத்துவர் சொன்ன காரமில்லாத கட்டியைத்தான் தொடுகிறோம். வெடித்த தோலில் வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி எதையும் அரைத்துப் போடுவதில்லை. சீருடைக்குள் பருத்திச் சட்டை, ஒட்ட வெட்டிய நகம், துணியை இன்னும் ஒருமுறை அலசுவது. ஒவ்வாமை எதுவும் தெரியாததால் முட்டையும் மீனும் தட்டுக்குத் திரும்பிவிட்டன. இன்னும் சொறிகிறாள், ஆனால் தூங்குகிறாள்.

மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்ய 1800 180 3024 என்ற இலவச எண் இருக்கிறது. நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ரசீது இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். போனில் பணம் அனுப்பிய பதிவும், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் எங்களுக்குச் சாட்சியாக இருக்கின்றன. டப்பாவைக் கழுவாமல், அடியில் ஒட்டியிருக்கும் களிம்போடு மூடி எடுத்துவையுங்கள்.