பொள்ளாச்சில மெடிக்கல் கோடிங் கிளாஸ் 3 மாசம் போனேன்

கொழிஞ்சாம்பாறைலருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி டெய்லி பஸ்ல பொள்ளாச்சி போய் இந்த கோடிங் கிளாஸ் படிச்சேன் (டாக்டர் எழுதற நோவுக்கெல்லாம் அதுக்குரிய கோடு நம்பர் போடற வேலைக்கான படிப்பு), சேரலாமான்னு நெறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க அதான் எழுதறேன்.

மூச்சு சம்பந்தப்பட்ட நோவுக்கான கோடெல்லாம் இருக்கற ஜே சாப்டர் எடுத்த மிஸ்ஸுக்காகவே சேரலாம்ங்க. பேட்ச்ல பாதிப்பேரு மலையாளிப் பிள்ளைங்க, அவங்க வலிவுன்னு சொல்றத நாம இளைப்புன்னு சொல்லுவோம், ஆனா ரெண்டு வீட்லயும் வீசிங்னா எல்லாருக்கும் புரியும். எங்கப்பாவுக்கு 15 வருசமா வீசிங், வீசிங்னாலே ஆஸ்துமாதான்னு நெனச்சு வளந்தவ நான். மொத டெஸ்ட்ல சார்ட்ல, அதாவது டாக்டர் எழுதின நோயாளி ரெக்கார்டுல, வீசிங்னு இருந்துச்சு, யோசிக்காம ஜே45.909 போட்டேன், தப்பு. ஆஸ்துமான்னு டாக்டர் எழுதினாத்தான் அந்த கோடு, வெறும் வீசிங்னா அது அறிகுறி, ஆர்06.2. "உனக்கு தெரிஞ்சத போடாத கண்ணு, அவரு எழுதினத போடு"ன்னாங்க மிஸ். அன்னிக்கி ராத்திரி அப்பாவோட டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்து பாத்தா ஆஸ்துமாங்கிற வார்த்தையே அதுல இல்ல, சிஓபிடின்னு இருக்கு, அது நுரையீரல்ல காத்து போற வழி நாள்பட அடைக்கற வேற நோவு. ரொம்ப நேரம் அந்த பேப்பரையே பாத்துட்டு இருந்தேன்.

சிஓபிடியோட அக்யூட் பிராங்கைட்டிஸும் (திடீர்னு வர்ற மூச்சுக்குழாய் அழற்சி) இருந்தா ஜே44.0 கூடவே ஜே20.9ம் போடணும், எக்ஸாசர்பேஷன்னு, அதாவது நோவு திடீர்னு அதிகமாயிடுச்சுன்னு, டாக்டர் எழுதிருந்தாத்தான் ஜே44.1. ஓபில, அதாவது அட்மிட் ஆகாம பாத்துட்டு போறவங்களுக்கு, நிமோனியாவா இருக்கலாம்னு எழுதிருந்தா ஜே18.9 போடவே கூடாது, இருமல் காய்ச்சல்னு என்ன இருக்கோ அதுக்குத்தான் கோடு, அதே அட்மிட் ஆனவங்களுக்கு டிஸ்சார்ஜ் வரைக்கும் அப்படியே எழுதிருந்தா போடலாம். இதெல்லாம் அமெரிக்க ரூல், இங்க படிக்கறது அங்கத்த சார்ட்டுக்குத்தானே. இல்லாத நோவ ஒருத்தர் ரெக்கார்டுல ஏத்திட்டா அது அவங்க கூடவே வரும்னு மிஸ் அடிக்கடி சொல்லுவாங்க.

எனக்கு புடிக்காதது புக்கு. 2021 எடிஷன் ஜெராக்ஸ் குடுத்தாங்க. 2021 அக்டோபர் 1லருந்தே இருமலுக்கு வெறும் ஆர்05 செல்லாது, அக்யூட்னா ஆர்05.1, ஒண்ணும் சொல்லலைனா ஆர்05.9. மாடல் எக்ஸாம்ல ஆர்05 போட்டவங்களுக்கு மார்க்கு, ஆர்05.9 போட்ட எனக்கு இல்ல. மிஸ் பாத்துட்டு திருத்திட்டாங்க, ஆபீஸ்ல சொன்னதுக்கு அடுத்த பேட்சுல பாத்துக்கலாம்னாங்க. வருசா வருசம் அக்டோபர்ல மாறுறதுக்கு பழைய புக்க குடுத்து முழு பீஸ் வாங்கறது நியாயமே இல்லைங்க.

பணம் கட்டறதுக்கு முன்னாடி எந்த வருசத்து புக்குன்னு கேளுங்க, ஜே சாப்டர் அதே மிஸ்தானான்னும் கேட்டுக்கோங்க. நம்ம பக்கத்துலருந்து போறவங்க காலை பேட்ச் எடுங்க, சாயந்தர பேட்ச்னா திரும்பி வர்றதுக்கு பஸ்ஸு கூட்டம் தாங்காது.