ராஜபாளையம் நாய்க்கு எந்தப் பயிற்சி சரி? மல்லியோடு இரண்டு வருட அனுபவம்

மல்லி ராஜபாளையம் இனம். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, நீளமான கால்கள். குட்டியாக மதுரைக்கு வந்தவளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியதிலிருந்து, "நாட்டு நாய் வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வாங்கியவர்களில் சிலர் ஏழெட்டு மாதத்திலேயே "சொன்ன பேச்சே கேட்க மாட்டேங்குது" என்று கை பிசைகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார், படு, ஒட்டி நட என்று ஆரம்பிக்கும் வழக்கமான பயிற்சி மல்லிக்குப் பொருந்தவே இல்லை. லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் மனிதனோடு சேர்ந்து வேலை பார்ப்பதற்காகவே வளர்க்கப்பட்டவை. என்ன செய்யட்டும் என்று முகத்தைப் பார்க்கும். ராஜபாளையம் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்க்கப்பட்டது. கண்ணில் பட்டதைத் துரத்தும், முடிவைத் தானே எடுக்கும். அந்தத் துரத்தும் ஆசையை அடக்காமல், அதையே பரிசாகக் கொடுத்த பயிற்சிதான் எங்களுக்குப் பலித்தது.

முதலில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் சோக் செயின்காரர், அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை வைத்துப் பழக்குகிறவர். பல வருட அனுபவம், பேச்சிலும் பணிவு. வாசலில் நின்று "சிட்" என்றார். மல்லி காம்பவுண்ட் சுவரில் ஓடிய அணிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சங்கிலியை ஒரு சுண்டு சுண்டியதில் அவளுடைய முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. உட்கார்ந்துவிட்டாள். ஆனால் காது பின்னால் ஒட்டிப்போய், வால் வயிற்றுக்கடியில் ஒடுங்கி, வாயோரத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். "பாத்தீங்களா மேடம், அடங்கிருச்சு. நாமதான் லீடர்னு அதுக்குத் தெரியணும்" என்றார்.

அந்த வாரத்திலிருந்து பெல்ட்டை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் இருக்கும்போது எல்லாம் செய்வாள். அவர் கேட்டைத் தாண்டியதும் பழைய கதைதான். ஒருநாள் என் கணவர் கழுத்தைத் தடவப் போனபோது, வாழ்க்கையில் முதல்முறையாக உறுமினாள். அன்றோடு அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டோம்.

இந்த 'லீடர்' பேச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், கூண்டில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து, அவை சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கும் என்று எழுதியதில் தொடங்கியது இது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய் பற்றிய புத்தகம் அந்தக் கருத்தை எங்கும் பரப்பியது. அதே மெக், காட்டில் ஓநாய்களை வருடக்கணக்கில் கவனித்த பிறகு, 1999-ல் வேறு மாதிரி எழுதினார்: ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம், சண்டை போட்டுத் தலைமையைப் பிடிப்பது அங்கே வழக்கம் இல்லை. கருத்தைப் பரப்பியவரே திருத்திவிட்டார். நம் ஊரில் இன்னும் அந்தப் பழைய பாடத்தை வைத்துக் குட்டிகளின் கழுத்தைச் சுண்டுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. அமெரிக்காவின் விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாட்டில், நாய்ப் பயிற்சி எதுவானாலும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே போதும், வலியும் பயமும் எந்த இடத்திலும் தேவையில்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அடுத்து, நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் பழக்கித் தருகிற போர்டிங் ஒன்றைப் பார்க்கப் போனோம். பயிற்சி நேரத்தில் வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கக் கூடாது என்றார்கள். திரும்பி வந்துவிட்டோம்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு இளம்பெண். முதல் நாள் மல்லியைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரம் வாசலிலும் மாடியிலும் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இவ பிடிவாதக்காரி இல்லக்கா. கண்ணுக்கு ஏதாவது பட்டுட்டா காது அடைச்சுக்குது, அவ்வளவுதான். ஆனா எதுக்கும் முதல்ல டாக்டர்கிட்ட காதைப் பாத்துருங்க."

வெள்ளை நாய் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேட்காமல் பிறக்கின்றன. சிலவற்றுக்கு ஒரு காது மட்டும் கேட்காது; கூப்பிட்டால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் முழிக்கும். அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மல்லிக்குக் காதில் குறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் பயிற்சியே ஆரம்பித்தது.

முதல் சில வாரம் கட்டளையே கிடையாது. கழுத்தருகே கை போகும், வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துணுக்கு வாய்க்குப் போகும். கை, ஈரல், கை, ஈரல். பெல்ட்டைப் பார்த்து ஓடியவள் தானாக வந்து தலையை நீட்டும் வரை இதேதான். நாய் சரியாகச் செய்த நொடியைக் குறிக்க அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் போடும் க்ளிக்கர் வாங்கியிருந்தேன், அந்தச் சத்தத்துக்கே திடுக்கிட்டாள். அதற்குப் பதில் நாக்கைத் தட்டி 'ச்சக்' என்று ஒலி எழுப்பப் பழகிக்கொண்டேன். செலவில்லை, வீட்டில் மறந்து வைக்கவும் முடியாது.

வீட்டுக்குள் ஈரலுக்கு எல்லாம் செய்தாள். வெளியே கொக்கு ஒன்று பறந்தால் ஈரல் மண்ணாகிவிடும். அங்கேதான் அந்தப் பெண் ஒரு மூங்கில் கம்பின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பழைய துண்டைக் கட்டிக் கொடுத்தார். அதைத் தரையோடு இழுத்தால் மல்லிக்கு முயல் ஓடுகிற மாதிரிதான். கண்மாய்க் கரையில் ஒரு காலை, தூரத்தில் கொக்கைப் பார்த்து உறைந்து நின்றாள். "மல்லி, வா" என்றேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது, பிறகு தலை. தலை திரும்பிய அந்த நொடியிலேயே 'ச்சக்' என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டே கம்பை இழுத்தேன். கொக்கை விட்டுவிட்டு என்னை நோக்கிப் பாய்ந்து வந்தாள். என்னிடம் வந்தால் துரத்தக் கிடைக்கும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வயது முடியும் வரை கம்பை உயரத் தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள், வெடுக்கென்று திருப்பவும் வேண்டாம். எலும்பு வளர்கிற வயது அது.

எட்டாவது மாதத்தில் எல்லாம் மறந்தது போல ஆனாள். இது எங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாத வயதில் நாய்கள் ஐந்து மாதத்தில் கேட்ட அளவுக்குக்கூடச் சொந்தக்காரர் பேச்சைக் கேட்பதில்லை என்று கண்டார்கள். அதே வயதில் வெளியாள் சொன்னால் கேட்கின்றன! வளரிளம் பருவம் கடந்தால் இதுவும் கடந்துவிடும். நம் ஊரில் நாயை மொட்டை மாடியில் கட்டிப்போடுவதும் யாரிடமாவது தள்ளிவிடுவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். தயவுசெய்து அந்தச் சில மாதங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள்களில் சொல்ல வேண்டியது இரண்டு. இந்த இன நாய்க்குத் தலை ஒடுக்கம், கழுத்து தடிமன். சாதாரண பெல்ட் பின்னோக்கி இழுத்தால் கழன்றுவிடும். ஓர் அளவுக்கு மேல் இறுகாத மார்ட்டின்கேல் பெல்ட் வாங்குங்கள். மல்லியுடையது இன்னும் உழைக்கிறது. அடுத்தது 15 மீட்டர் நீளக் கயிறு. நைலான் வேண்டாம், உருவிக்கொண்டு ஓடும்போது உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். பருத்திக் கயிறு கனமானாலும் கைக்கு இதம். நீளக் கயிற்றைக் கழுத்தில் மாட்டாமல், நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் மாட்டுங்கள், முழு வேகத்தில் ஓடி நிற்கும்போது கழுத்தில் அடி விழாது. மதுரை வெயிலில் சூரியன் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துச் சில விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் அவளை இறக்குவதில்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வைப்பதுதான் பெரும்பாடு. நான் "வா", கணவர் "கம்", அத்தை "இங்கிட்டு வாடி தங்கம்". கடைசியில் அத்தை உட்பட எல்லோரும் "வா" என்பதில் முடிந்தது. அத்தை சாப்பாட்டுக்கு முன்னால் அவளை உட்கார வைத்துக் காத்திருக்கப் பழக்கினார், எந்தப் பயிற்சியாளரும் சொல்லாமலே. அவர் காத்திரு என்றால் மல்லி அசையவே மாட்டாள்.

இன்று மல்லி கூப்பிட்டால் வருகிறாள், பூனையைப் பார்த்தால்கூடப் பெரும்பாலும் வருகிறாள். கழுத்தை யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று சொல்ல மாட்டேன், வீட்டார் தொடலாம். வெளியாள் வந்தால் குரைப்பு நிற்க நேரமாகிறது. ஆட்டு மந்தை என்றால் எந்தப் பயிற்சியும் செல்லாது, அந்தப் பக்கம் கயிற்றைக் கழற்றுவதே இல்லை. அக்கம்பக்கத்தில் கோழி வளர்க்கும் வீடு இருந்தால் இந்த இனத்தை வாங்குமுன் நன்றாக யோசியுங்கள்.

பயிற்சியாளரைத் தேடுகிறவர்கள் கட்டணத்தைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்: "நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவரிடமும், பயிற்சியின்போது உங்களைப் பக்கத்தில் நிற்க விடாதவரிடமும் உங்கள் குட்டியைக் கொடுக்காதீர்கள்.